காடைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை

மாடு வைத்துக்கொள்ள முடியாமல் போனதால்தான் என் மனைவி காடை வளர்க்க ஆரம்பித்தாள். அவளுக்கு முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. அந்தக் கையால் எப்படிப் பால் கறப்பது? மாட்டை விற்றோம். அதற்குப் பிறகாவது ஓய்வாக இருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் சும்மா உட்காரத் தெரியாதவள் அவள். வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது. அதில் ஒரு தகர ஷெட் போட்டு, ஜப்பான் காடைக் குஞ்சுகளை வாங்கி விட்டாள். மூட்டுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை அந்தச் சமயத்தில் நன்றாக வேலை செய்தது. விரல்கள் மடங்கின. தீவன வாளியைத் தூக்க முடிந்தது. அந்த மாத்திரையைக் கடவுள் மாதிரி நினைத்தாள்.

நான் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். மேனேஜர் என்பது பேருக்குத்தான். சாவி கொடுப்பதும் நான்தான், வெந்நீர் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பதும் நான்தான். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவேன். ஆகவே காடை விஷயம் முழுக்க அவள் கையில் இருந்தது. பைபாஸ் ரோட்டு வறுவல் கடைக்காரர்கள் அவளுக்கே போன் பண்ணுவார்கள். பௌர்ணமி கிரிவலத்தை ஒட்டிய நாட்களில் ஊரில் யாரும் கறி தொடமாட்டார்கள், அந்த வாரம் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. அந்த ஓய்வில்தான் ஷெட்டைப் பெருக்குவாள். வெயில் காலத்தில் எச்சம் மாவு போலக் காய்ந்திருக்கும். துடைப்பம் பட்டதும் புகையாகக் கிளம்பும். அதை மூட்டையில் அள்ளி, பூந்தோட்டக்காரர்களுக்கு எருவாகக் கொடுப்பாள். தும்மல் வந்தால் மட்டும் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொள்வாள்.

அவளுக்குத் தலைவலி வந்தபோது நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் என்றோம். தூக்கம் போதவில்லை என்றோம். தைலம் தடவிக்கொண்டு வேலை செய்தாள். இரண்டு வாரம் ஆகியும் விடவில்லை என்றதும் டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சைனஸ் என்றார். மாத்திரை சாப்பிட்டாள், வலி அப்படியே இருந்தது. இன்னொருவர் கண்ணில் பவர் மாறியிருக்கும் என்று சொன்னார். புதுக் கண்ணாடி வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவள், தெருவிளக்குக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அங்க ரெண்டு கம்பமா இருக்குது?”

“ஒண்ணுதான்.”

“அப்ப கண்ணாடி சரியில்ல. போய் மாத்திக்கினு வாங்க.”

மாற்றிக்கொண்டு வந்தேன். கண்ணாடிக் கடைக்காரருடன் கோபமாகப் பேசிவிட்டுத்தான் வந்தேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்து வாந்தி ஆரம்பித்தது. சாப்பாடு குறைந்தது. அப்படியும் காலையில் எழுந்து தீவனம் போட்டுவிட்டுத்தான் வந்து படுப்பாள். எங்கள் பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள், அவள் போனில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: “ஸ்கேன் எடுங்கப்பா. இது சைனஸ் மாதிரி தெரியல.” பௌர்ணமி முடியட்டும் என்றேன். லாட்ஜில் எல்லா அறையும் புக் ஆகியிருந்தது. லீவு கேட்டால் முதலாளி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

பௌர்ணமி அன்று மத்தியானம் மனைவியிடமிருந்து போன் வந்தது. கவுண்டரில் கூட்டம். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே இன்னொருவருக்குச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

“பாப்பா இன்னும் ஸ்கூல்ல இருந்து வரல. போய்ப் பாருங்க.”

“எந்தப் பாப்பா?”

“எந்தப் பாப்பாவா? நம்ம பாப்பா. மணி என்ன ஆவுது.”

எங்கள் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. எதிரில் நின்றவர் “சார், சாவி மாத்திக் குடுத்துட்டீங்க” என்றார். சாவிக்கொத்தைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள். ஆட்டோ இல்லை, பைக்கை எடுக்கவும் விடவில்லை. நடந்தேன். ஊரே மலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது, நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். “இந்தப் பக்கம் இல்லீங்க, வழி அந்தப் பக்கம்” என்று ஒரு போலீஸ்காரர் அன்பாகச் சொன்னார். வீட்டில் உடம்பு சரியில்லை என்றதும் கயிற்றைத் தூக்கி விட்டார். தார் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. ஐம்பத்து நான்கு வயதில் அவ்வளவு தூரம் ஓட்டமும் நடையுமாகப் போனதில், வீட்டு வாசலில் எனக்கே தலை சுற்றியது. அவள் ஷெட் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. என்னைப் பார்த்து, “எதுக்கு இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க?” என்று சாதாரணமாகக் கேட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் கார் வைத்திருந்தார். எங்கள் வீடு வேலூர் ரோட்டில் இருந்தது ஒரு அதிர்ஷ்டம். டவுனுக்குள் போகாமல் நேராகப் போளூர் வழியாக வேலூர் போனோம். வழியெல்லாம் அவள் கண்ணை மூடியிருந்தாள். எனக்கு யோசனையே ஓடவில்லை. லாட்ஜிலிருந்து மாற்றி மாற்றி போன் வந்தது, நான் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மறுநாள் காலையில் ஒரு பெண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் பெண்ணைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். ராத்திரி முழுக்க வேலை செய்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

“மூளையைச் சுத்தி இருக்கற சவ்வுல தொற்று. பாக்டீரியா இல்ல, டிபியும் இல்ல. இது ஒரு பூஞ்சை. ஈஸ்ட்ல ஒரு வகை.”

ஈஸ்ட் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் கடைகளில் ரொட்டி சுடுவார்கள். எங்கள் லாட்ஜுக்கும் ஒரு கடையிலிருந்து வரும்.

“ரொட்டிக்குப் போடுவாங்களே, அதுவா டாக்டர்?”

அவர் சிரிக்கவில்லை. “அதே மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒத்தை செல்தான். ஆனா இது வேற ரகம். பறவை எச்சத்துல, மண்ணுல, மரப் பொந்துல எல்லாம் இருக்கும். தூசியோட மூச்சுல போகும். நமக்கெல்லாம் போனா ஒடம்பே அடக்கி வெச்சிடும். இவங்க ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்கறாங்க, எதிர்ப்பு சக்தி கம்மி. அதனால நுரையீரல்ல இருந்து மூளைக்குப் போயிருக்கு. வீட்ல புறா வளக்கறீங்களா?”

“இல்லைங்க.”

“பக்கத்துல யாராவது?”

“இல்லைங்க” என்றேன். கேட்டது புறாவைப் பற்றி என்பதால் என் புத்தி புறாவைத் தாண்டிப் போகவில்லை. டாக்டர் கட்டிலுக்குப் போய் அவளிடமே குனிந்து கேட்டார்: “அம்மா, வீட்ல பறவை ஏதாவது இருக்கா?”

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “காடைங்க இருக்குது. ஆயிரத்துக்கு மேல. தண்ணி வெச்சாங்களான்னு தெரியல.”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

மருந்து இருக்கிறது என்றார்கள். ஆனால் அந்த மருந்தே ஒரு பாடு. சொட்டுச்சொட்டாக நரம்பில் ஏற்றுவார்கள். ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் குளிர் எடுக்கும், கட்டிலே ஆடும். இரண்டு கம்பளிக்கு மேல் நானும் கையை வைத்து அழுத்திக்கொண்டிருப்பேன். ரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறது என்று தினமும் ரத்தம் எடுப்பார்கள். தலைக்குள் அழுத்தம் ஏறினால் மறுபடியும் முதுகில் ஊசி. முதலில் அந்த ஊசிக்குப் பயந்தவள், நீர் எடுத்ததும் வலி குறைவதைப் பார்த்த பிறகு தானே கேட்க ஆரம்பித்தாள்: “இன்னைக்கு எடுக்க மாட்டாங்களா?”

பெண் சென்னையிலிருந்து வந்துவிட்டாள். நாங்கள் மாற்றி மாற்றி இருந்தோம். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளில் நான் வேங்கிக்கால் வருவேன். முதல் சில நாள் எதிர்வீட்டு அம்மாள்தான் காடைகளுக்குத் தீவனம் வைத்தார். நோய் இன்னது என்று தெரிந்ததும் அவர் கணவர் போன் பண்ணினார். “தப்பா நெனைக்காதீங்க சார். எங்க வீட்ல பேரக்குழந்த இருக்குது.” நான் தப்பாக நினைக்கவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆகவே அந்த வேலையும் எனக்கே வந்தது. வேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினால் உடம்பில் பலமே இருக்காது. முகக்கவசத்துக்கு மேல் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஷெட் கதவைத் திறப்பேன். எத்தனையோ தடவை சும்மா நுழைந்த இடம்தான். இப்போது வாசலில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டு, உள்ளே முடிந்தவரை விடாமல் இருப்பேன். காடைகள் எப்போதும் போல இருந்தன. கண் பளபளவென்று இருந்தது. இறகு உதிரவில்லை, ஒன்றுகூடச் சோர்ந்து உட்காரவில்லை. என்னைப் பார்த்ததும் தீவனத்துக்காகக் கூண்டின் முன்பக்கம் ஓடி வந்தன. அவற்றில் நாலைந்து செத்துக் கிடந்தால்கூட எனக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருநாள் கோபத்தில் தீவன வாளியைச் சுவரில் அடித்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் படபடத்துத் தூசி கிளம்பியது. பயந்து வெளியே ஓடி வந்தேன். கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு, திரும்ப உள்ளே போய்த் தண்ணீர் வைத்தேன். தாகத்தில் விட மனசு வரவில்லை.

டவுன் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்த ஒரு பெண், கால்நடைக் கல்லூரியில் இதே விஷயத்தில் ஆராய்ச்சி செய்கிறவர், நான் ஊரில் இருந்த ஒரு நாளில் வந்தார். பண்ணைப் பறவைகளின் உடம்பில் என்னென்ன ஈஸ்ட் இருக்கிறது, அவற்றில் எது மனிதனுக்கு நோய் தரக்கூடியது என்பதுதான் அவர் வேலை. முகக்கவசம், கையுறை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே போனார். பஞ்சுக் குச்சியால் காடைகளின் வாயிலும் பின்பக்கத்திலும் தடவி எடுத்தார். எச்சம், மூலையில் கிடந்த தூசி, பழைய பலகையின் இடுக்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து மூடிக்கொண்டார்.

“இதுங்களுக்கு மட்டும் ஏன் மேடம் ஒண்ணும் ஆவல?” என்று கேட்டேன். அந்தக் கேள்வி பல நாளாக எனக்குள் இருந்தது.

“பறவைக்கு ஒடம்பு சூடு நம்மளவிட ஜாஸ்தி சார். அந்தச் சூட்ல இது பரவ முடியாது. சுமந்துக்கிட்டு மட்டும் இருக்கும். சில ஈஸ்ட்டு நம்ம ஒடம்புச் சூட்லயும் நல்லா வளரும். அதுங்கதான் ஆபத்து.”

“அப்ப எல்லாக் காடையும் இப்படித்தானா?”

“எல்லாப் பறவையிலயும் ஏதாவது ஈஸ்ட் இருக்கும் சார். பெரும்பாலும் யாரையும் ஒண்ணும் பண்ணாது. காடை சாப்பிட்டா வரும்னு வெளிய யாராவது சொன்னா நம்பாதீங்க. காஞ்ச எச்சத்தப் பெருக்கறதுதான் தப்பு. தண்ணி தெளிச்சு, ஈரமா வாரணும். முகத்துக்கு நல்ல கவசம் போடணும். அவங்க மாதிரி மாத்திரை எடுக்கறவங்க உள்ளயே போகக் கூடாது.”

இதை ஏன் யாரும் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். யாரைக் கேட்பது? மூட்டு டாக்டருக்கு அவள் காடை வளர்ப்பது தெரியாது. குஞ்சு விற்றவருக்கு அவள் மாத்திரை சாப்பிடுவது தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் இருந்த நாங்கள் மட்டும்தான். எங்களுக்கோ இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது தெரியாது.

சில வாரம் கழித்து அந்த ஆராய்ச்சிப் பெண்ணே போன் பண்ணினார். காடைகளின் வாயிலும் எச்சத்திலும் பல வகை ஈஸ்ட் இருந்ததாம். என் மனைவியின் தலையில் இருந்த அதே வகை, பலகை இடுக்கில் எடுத்த தூசியில் மட்டும் கிடைத்ததாம். “ஆனா அங்க இருந்துதான் அவங்களுக்கு வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன் சார். வெளிய மண்ணுல இருந்தும் வந்திருக்கலாம்.” நன்றி சொல்லி வைத்தேன். இத்தனைக்கும் பிறகு ஒரு ‘இருக்கலாம்’ மட்டும்தான் மிச்சம். அதோடு சண்டை போடவும் எனக்குத் தெம்பு இல்லை.

அவள் பிழைத்தாள். மெலிந்து, முடி கொட்டி, இடது கண்ணில் ஓரப் பார்வை மங்கி வீட்டுக்கு வந்தாள். நரம்பில் ஏற்றும் மருந்து முடிந்து மாத்திரையாக மாறியிருந்தது, அதை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். ஸ்டீராய்டைக் குறைத்துவிட்டதால் விரல் வீக்கம் திரும்பி வந்தது. நான் சோற்றைப் பிசைந்து கொடுத்தால் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவாள். வந்த இரண்டாம் நாளே ஷெட்டைப் பற்றிக் கேட்டாள்.

“வித்துடலாம்னு இருக்கேன்” என்றேன்.

“யாரக் கேட்டு?”

“டாக்டரக் கேட்டு. நீ உள்ள போவக் கூடாதாம்.”

“நான் போகல. நீங்க பாத்துக்குங்க.”

“என்னால முடியாதும்மா.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து முடியாது என்று அவளிடம் நான் சொன்னது குறைவு. அது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அது நிஜம். லாட்ஜ், பஸ், ஆஸ்பத்திரி, சமையல், ஷெட் என்று ஓடி ஓடி என்னிடம் எதுவும் மிச்சமில்லை. மறுநாள் டீ கொடுத்தபோது சொன்னாள்:

“வாங்கறவன்கிட்ட உண்மையச் சொல்லிட்டுக் குடுங்க. மறைச்சுக் குடுக்காதீங்க.”

முதலில் வந்தவரிடம் சொன்னேன். “காடைக்கு நோயா?” என்றார். இல்லை என்று விளக்கினேன். “காடைக்கு இல்ல, ஆனா வீட்டம்மாவுக்கு வந்துச்சுன்றீங்க. வாணாங்க” என்று போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாவதாகச் சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், சொந்தமாகப் பண்ணை வைத்திருப்பவர். நின்று முழுதாகக் கேட்டார். அந்த ஆராய்ச்சிப் பெண்ணின் நம்பரை வாங்கி, அங்கேயே போன் போட்டுப் பேசினார். பிறகு, “எங்க அம்மா ஆஸ்துமாக்காரங்க. பண்ணையில அவங்கதான் பெருக்கறாங்க. இனிமே விடமாட்டேன்” என்றார். கூண்டுகளை வண்டியில் ஏற்றும்போது அவள் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். தூசிக்காக நான்தான் சாத்தச் சொன்னேன். வண்டி போன பிறகும் அவள் திறக்கவில்லை.

ஷெட் முழுக்க மருந்து தெளித்து, ஈரமாக வாரி, பலகைகளைப் பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்தோம். ஆள் வைத்துத்தான் செய்தேன், அவருக்கும் எனக்கும் கவசம் வாங்கி. இப்போது அங்கே பழைய சைக்கிளும் தண்ணீர்க் குடங்களும் இருக்கின்றன. பெண் ஏதேதோ யோசனை சொன்னாள். செடி வைக்கலாம் என்றாள், மண் வேண்டாம் என்று அவளே திருத்திக்கொண்டாள். என் மனைவி, “நான் கொஞ்ச நாள் சும்மா இருக்கேன்டி” என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. நிம்மதிப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு என்னவோ அழுகை வந்தது, குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

பூஞ்சை மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன நாளில் வேலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கண்ணமங்கலம் தாண்டும்வரை பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பிறகு இரண்டு பேருமே தூங்கிவிட்டோம். வேங்கிக்கால் போனது தெரியவில்லை. கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது பஸ் டவுன் பஸ் ஸ்டாண்டில் காலியாக நின்றது.

“எங்க எறங்கணும் பெரியவரே?”

“வேங்கிக்கால்ங்க.”

“அது போய் கால் மணி நேரம் ஆவுது. திரும்பிப் போவணும்.”

இறங்கினோம். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவள் என் கையைப் பிடித்தபடி, நிழலில் இருந்த சிமென்ட் பெஞ்சைக் காட்டினாள்.

“ஏங்க, கொஞ்சம் ஒக்காந்துட்டுப் போலாம். ஒண்ணும் அவசரமில்லையே?”

“இல்ல.”

உட்கார்ந்தோம். ஒரு டீ வாங்கி வந்தேன். டம்ளர் சூடாக இருந்ததால் நானே பிடித்துக்கொள்ள, அவள் குனிந்து குடித்தாள். எதிரில் செங்கம் பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்து நின்றது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.